பட்டியலில் இல்லாத சூப்பு

மார்ச் 10, திங்கள்

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டு வாங்கியதில்லை. டாக்டர் எஸ்தர் வாங்கச் சொன்னார். "வீரணன் சார், காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் வாய்க்குள்ள போறது அத்தனையும் எழுதணும். அடுத்த தடவை நோட்டோட வாங்க" என்றார். ஐம்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய.

முன்பக்கத்தில் டாக்டருக்கு உண்டான பட்டியல். பின்பக்கத்திலிருந்து திருப்பி எனக்காக எழுதுகிறேன். உட்கார்ந்த இடத்தில் வேறு வேலை இல்லை.

போன வியாழக்கிழமை மதுரையிலிருந்து திருப்பூருக்கு வண்டி எடுத்துப் போனேன். இருபத்திரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற ரூட். தாராபுரம் தாண்டி ஒரு பாலத்துக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கிறேன், வலது கால் பெருவிரலில் தீயை வைத்தது போல ஒரு வலி. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. எப்படியோ வண்டியை ஓரங்கட்டினேன். உள்ளே ஐம்பத்திரண்டு பேர். கண்டக்டர் சகாயராஜ் ஓடிவந்து பார்த்தால் விரல் சிவந்து வீங்கி நிற்கிறது. "அண்ணே, தேளு கீளு கொட்டிருச்சா" என்றான். தேள் கொட்டியிருந்தால் பரவாயில்லை, ஒரு ஊசியோடு போயிருக்கும்.

டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார். வந்திருப்பது 'கவுட்' என்கிற மூட்டுவாதமாம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஆறுக்குக் கீழே இருக்க வேண்டுமாம், எனக்கு 9.4. அது கூடிப்போனால் பொடிப்பொடியாக உறைந்து மூட்டில் போய் உட்காருமாம். கிட்னியில் சேர்ந்தால் கல்லாகுமாம். எனக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. இடது கிட்னியில் ஐந்து மில்லிமீட்டர் கல் ஒன்று.

கிளை மேலாளர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மே பதினாலாம் தேதி மெடிக்கல் போர்டு. தேறினால் வண்டி. தேறாவிட்டால் இன்னும் ஒன்பது வருஷம் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற வண்டி நம்பரை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நாற்காலிக்குத்தான் எனக்குப் பயம். வலியெல்லாம் அதற்கு அப்புறம்.

மார்ச் 13, வியாழன்

பட்டியல் சுத்தமாக இருக்கிறது. இட்லி, சுரைக்காய்க் கூட்டு, ரசம், கோதுமை தோசை. ஈரல் இல்லை, மூளை இல்லை, நெத்திலி இல்லை, கறி இல்லை. பீர் நான் தொட்டே பத்து வருஷம் இருக்கும். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன எதுவும் இல்லை. தயிர் மோரும் இல்லை. அது என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் போட்ட தடை. குளிர்ச்சியாம், வலி கூடுமாம்.

மூன்று நாளாகக் காலையில் வெறும் வயிற்றில் ஆட்டுக்கால் சூப்பு. இதைப் பட்டியலில் எழுதவில்லை. சாப்பிட்டதை எழுதச் சொன்னார், மருந்தை எழுதச் சொல்லவில்லை. ஆட்டுக்காலில் கறிதான் ஏது, எலும்பும் பசையும்தானே.

பஞ்சவர்ணம் நாலரைக்கே எழுந்து, ஆட்டுக்கால் கடைக்கு நடந்து போய், முதல் ஆளாக நின்று வாங்கி வருகிறாள். தீயில் வாட்டிச் சுரண்டி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுகிறாள். அதை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு ஓடுகிறாள், அங்கே இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க வேண்டும். எனக்குப் பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டுகிற அந்தச் சூப்பு பிடிக்காது. "மூக்கைப் பிடிச்சுக்கிட்டாச்சும் குடிங்க. மே மாசம் வண்டியில ஏறணுமா, வேணாமா?" என்கிறாள். குடித்துவிடுகிறேன்.

அவளுக்கு இதில் ஒரு கதை உண்டு. அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அவள் அப்பா பனைமரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். தினமும் இவள் சூப்பு வைத்து ஊட்டினாளாம். ஒன்பதாம் மாதம் எழுந்து நடந்தாராம். கல்யாணமான இந்த இருபத்தாறு வருஷத்தில் இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

டிப்போ வாசல். வெயில். காலை ஒரு செங்கலில் தூக்கி வைத்துக்கொண்டு நம்பர் எழுதுகிறேன். என் வண்டியை இப்போது வேறொருவன் எடுக்கிறான். கேட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கையைக் காட்டினான். மரியாதைக்குத்தான் அடித்தான், ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒட்டன்சத்திரம் தாண்டி ஹோட்டல் மலர்க்கொடி. பஸ்ஸை அங்கே நிறுத்தினால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறை, தனி மேஜை, இலை நிறையச் சாப்பாடு. நாங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. ஈரல் வறுவல், மூளை, ரத்தப் பொரியல், மேலே ஒரு கரண்டி சுக்கா. எந்த ஹோட்டலில் ஈரல் நன்றாக இருக்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கும் என்பது ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி கந்தவேல் தன் கையால் பரிமாறுவார். "அண்ணே, ஒங்களுக்குன்னே எடுத்து வச்சது" என்பார். சீனியர் டிரைவருக்குக் கொடுக்கிற கௌரவம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. ஓடுகிற வண்டியில் டிரைவர் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் நேரம் போகும், ஐம்பது பேர் வாட்சைப் பார்ப்பார்கள். நான் கொண்டுபோகிற பாட்டில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளத்தான். சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து திருப்பூர் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறேன், அதைப் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 22, சனி

வீக்கம் வடிந்துவிட்டது. சூப்புதான் காரணம் என்கிறாள் பஞ்சவர்ணம். டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 27, வியாழன்

மத்தியானம் சகாயராஜ் டிப்போவுக்குள் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். "மலர்க்கொடி அண்ணாச்சி குடுத்து விட்டாருண்ணே. வீரண்ணே இல்லாம கடையே வெறிச்சுன்னு இருக்காம்" என்றான். ஈரல். பிரிக்காமலே வாசம் தெரிந்தது.

திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பின்பக்கத்திலும் பொய் எழுதினால் அப்புறம் எதற்கு இந்த நோட்டு. இரண்டு துண்டு தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

விடியற்காலையில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. அதே விரல். போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. பஞ்சவர்ணம் வேலைக்குப் போகவில்லை. என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து போய்ச் சூப்பை வைத்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

டாக்டர் எஸ்தர் பட்டியலை நாள்வாரியாக விரல் வைத்துப் படித்தார். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலுக்கு வந்தார். யூரிக் ஆசிட் 9.3.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா சார்?"

"நாந்தாம்மா எண்ணிக் குடுக்குறேன், ஒண்ணு விடல" என்றாள் பஞ்சவர்ணம்.

"சின்ன அளவுலதான் ஆரம்பிச்சிருக்கேன், வலி நடுவுல ஒரு தடவை வரவும் செய்யும். ஆனா இந்த நம்பர் கொஞ்சமாச்சும் எறங்கியிருக்கணுமே" என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது நர்ஸ் வந்து, ஸ்கேன் சீட்டில் முத்திரை வாங்கவில்லை என்று சொல்ல, பஞ்சவர்ணம் அதை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

கதவு சாத்தியதும் டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், பட்டியல்ல இல்லாத எதையோ சாப்பிடுறீங்க. இல்ல, குடிக்கிறீங்க. கறித்துண்டை ஒதுக்கி வச்சிட்டுச் சாறு மட்டும் ஊத்திக்கிறீங்களா? கறி, எலும்பு எதைக் கொதிக்க வச்சாலும் வேண்டாததெல்லாம் தண்ணியிலதான் எறங்கும். நெறைய பேரு கால்வலிக்குன்னு ஆட்டுக்கால் சூப்பு குடிச்சுட்டு இங்க வந்து நிக்கிறாங்க. அடி பட்டவங்களுக்கு அது சரி. ஒங்களுக்கு அதுவே வலி."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு நாள், நாளைக்கு ஒரு சொம்பு.

"வீட்டுல வச்சுத் தர்றாகம்மா. காலையில" என்றேன். "அவகிட்டச் சொல்லிறாதீக. தன்னாலதான் இந்த வலி வந்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். அதற்குள் கதவு திறந்தது. உள்ளே வந்த பஞ்சவர்ணம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்னம்மா காரணம், கண்டுபிடிச்சீகளா?" என்றாள்.

டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "நாந்தான். ஹோட்டல்ல இருந்து டிப்போவுக்குப் பொட்டலம் வருது. ஈரல். ஒனக்குத் தெரியாமத் தின்னுட்டேன்."

அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு துண்டு உண்மை.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் இன்னையோட நிறுத்திருங்க" என்றார். மாத்திரையின் அளவைக் கூட்டினார். "மாத்திரை பாதி வேலைதான் பாக்கும். மீதி ஒங்க கையில. தயிரு, மோரை ஏன் நிறுத்தினீங்க? அது நல்லதாச்சே. தாராளமா சேத்துக்கங்க. எலுமிச்சம்பழத்தைச் சக்கரை போடாமத் தண்ணியில பிழிஞ்சு குடிங்க." நல்லதை நிறுத்தி வேண்டாததை ஊற்றியிருக்கிறோம். போர்டுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் பஞ்சவர்ணம் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேசவில்லை. அடுப்பிடம் மட்டும் சொல்கிறாள்: ஈரல் செய்த கெடுதலைச் சரிக்கட்ட வேண்டுமாம், இன்று முதல் சூப்பு காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

கொல்லைப்பக்கம் போய் நின்று குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொம்போடு போகிறேன். மதில் ஓரத்தில் தெருநாய் ஜிம்மி காத்திருக்கிறது. பாவம், அதற்கு மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. காலியான சொம்பைக் கொண்டுவந்து வைக்கும்போது பஞ்சவர்ணம் சொம்பின் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நிறுத்து என்று சொன்னால் ஏன் என்பாள். காரணத்தைச் சொன்னால் அப்பாவை நடக்க வைத்த கை புருஷனைப் படுக்க வைத்தது என்று ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனித்தேன். எழுந்து நிற்கும்போது அவள் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "அது கெடக்கு, நாலஞ்சு வருசமா" என்றாள். ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது. இத்தனை சூப்பு வைத்தாளே, தான் ஒரு வாய் குடித்ததில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கல் விழுந்தது. பிள்ளை பெற்ற வலி என்று ஆம்பளை சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு முதுகில் ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தேன், தரையில் உருண்டேன். பஞ்சவர்ணம் பக்கத்து வீட்டு மும்தாஜைக் கூப்பிட்டு ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தண்ணீராகக் குடிக்கச் சொல்லி, போகிற சிறுநீரை எல்லாம் வடிகட்டச் சொன்னார்கள், கல் கிடைத்தால் சோதித்துப் பார்க்கலாமாம். வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் புது டீ வடிகட்டியைக் கையில் கொடுத்தாள்.

மூன்று மணிக்குச் சட்டென்று வலி நின்றது. வடிகட்டியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, செங்கல் நிறத்தில் ஒரு பொருக்கு. இத்துனூண்டுதான்.

பஞ்சவர்ணம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கா இந்த ஆட்டம் ஆடுனீக" என்று சொல்லிச் சிரித்தாள். பத்து நாள் கழித்து அவள் சிரித்தது எனக்கு ஊசியைவிட நன்றாக இருந்தது. கல்லைக் காலியான குங்குமச் சிமிழில் போட்டு சாமி அலமாரியில் வைத்தாள். அங்கே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டருக்குக் கொண்டுபோகிற வரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்றாள். வடிகட்டியை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மும்தாஜ் காட்டிக்கொடுத்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. வாசலில் நின்று, "அக்கா, ஒங்க வீட்டுச் சூப்பக் குடிச்சே அந்த ஜிம்மி கன்னுக்குட்டி மாதிரி ஆயிருச்சு. அண்ணே ரெண்டு வேளையும் டைமுக்கு ஊத்துறாருல்ல" என்றாள்.

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

"அம்புட்டுக் கேவலமா இருந்துச்சா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டேன். நம்பர் எழுதுகிற இடத்தில் மூன்று வண்டியை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இத எழுதுறது பஞ்சவர்ணம். இன்னைக்கு அவுக நோட்ட வச்சுட்டு டிப்போவுக்குப் போயிட்டாக. முன்பக்கம் பாத்தேன். பின்பக்கமும் பாத்தேன். எட்டாவது வரைக்கும் படிச்சவதான் நானும்.

சூப்ப நாய்க்கு ஊத்துனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நேத்து இருந்துச்சு, இப்ப இல்ல. டாக்டரு முன்னாடி திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டாகளே, அதுக்குத்தான் கோவம். ரெண்டு வாரமா நான் இவுகள மனசுக்குள்ள ஈரல் திருடன்னு திட்டிக்கிட்டே இருந்தேன். அந்தப் பாவம் யாருக்கு.

எங்கப்பா எந்திரிச்சு நடந்தது சூப்பால மட்டும்னு நான் எப்பச் சொன்னேன். கட்டுப் போட்டாக, மருந்து குடுத்தாக, தெனம் ரெண்டு பேரு பிடிச்சு நடக்க வச்சாக. அன்னைக்கு எனக்குச் செய்யத் தெரிஞ்சது சூப்பு ஒண்ணுதான், அதச் செஞ்சேன். இவுகளுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிருந்தா மறுநாளே சட்டியக் கவுத்திருப்பேன். நான் ஒடஞ்சு போறதுக்கு என்ன கண்ணாடியா.

டாக்டரம்மாவுக்கு: அவுக பட்டியல்ல எழுதாதது இன்னும் ஒண்ணு இருக்கு. டிப்போ வாசக் கடையில தெனம் மூணு மணிக்கு ஒரு பாட்டில் ஆரஞ்சு கலரு குடிக்கிறாக. சகாயராஜுக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஒடனே சொல்லிருச்சு அந்தத் தம்பி.

ஏப்ரல் 23, புதன்

காலையில் சூப்பு இல்லை. ஒரு சொம்பு நீர்மோர், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது. கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றாள்.

"படிச்சிட்டியா" என்றேன்.

"நீங்களுந்தான படிச்சிருப்பீக."

"அந்தக் கலரு வேணாம்னு டாக்டர் மொத நாளே சொன்னாக. அதுல கறியில்லையேன்னுதான்..."

"சூப்புலயும் கறியில்ல" என்றாள். காலிச் சொம்பை அவளிடம் நீட்டினேன். சகாயராஜை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

மே 5, திங்கள்

6.4. டாக்டர் ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பஞ்சவர்ணம் குங்குமச் சிமிழைத் திறந்து மேஜையில் வைத்தாள். "இத எதுலம்மா போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

அப்புறம் பஞ்சவர்ணம் நோட்டில் தான் எழுதிய பக்கத்தை விரித்துக் காட்டினாள், படித்துவிட்டு அவர் பேசினார். "சூப்பு மட்டுமே காரணம்னு நெனச்சு மனசு வருத்தப்படாதீங்கம்மா. இருபது வருஷ ஹோட்டல் சாப்பாடு, தண்ணி குடிக்காதது, இனிப்புக் கலரு, அவரு ஒடம்பு வாகு எல்லாம் சேந்துதான் இது வந்துருக்கு." பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாள். டாக்டர் என்னிடம் திரும்பி, "நல்லாயிருச்சுன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது. தண்ணியைக் குறைச்சா கல்லு மறுபடியும் வரும்" என்றார்.

"வண்டியில ஏறுனா எப்படிம்மா குடிக்க?" என்றேன்.

"அது ஒங்க ரூட்டு சார். எங்க நிறுத்தணும்னு எனக்கா தெரியும்?"

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். டிப்போவில் ஓடுகிற வண்டி எல்லாம் சிறப்பு பஸ். எல்லா டிரைவர்களும் ஓடுகிறார்கள், நான் நம்பர் எழுதுகிறேன். டிப்போ வாசலில் யாரோ மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆறு டம்ளர் குடித்தேன். ஊற்றிய பெண் "இன்னும் வேணுமாண்ணே" என்று கேட்டபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நாளை மறுநாள் போர்டு.

மே 14, புதன்

மூன்று டாக்டர்கள். ரிப்போர்ட்டைப் படித்தார்கள், நடக்கச் சொன்னார்கள், குதிகாலில் நிற்கச் சொன்னார்கள், உட்கார்ந்து எழச் சொன்னார்கள். ஒருவர் என் வலது பெருவிரலைப் பிடித்து அழுத்தி, "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் வலிக்கவில்லை. வெளியே பெஞ்சில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாகனம் ஓட்டத் தகுதியானவர் என்ற வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்துவிட்டு முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்.

மே 19, திங்கள்

வண்டி எடுத்தேன். கேட்டில் நம்பர் எழுதுகிற புது ஆளுக்கு ஹாரன் அடிக்கவில்லை, கையை மட்டும் காட்டினேன்.

இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று இடது பக்கம் கட்டியிருக்கிறது. திண்டுக்கல்லுக்குள் பாதி காலி. ஒட்டன்சத்திரம் தாண்டி மலர்க்கொடியில் நிறுத்தினேன். கந்தவேல் தனி அறைக்குள் ஓடிவந்தார், கையில் ஈரல் தட்டு. "அண்ணே, ரெண்டு மாசத்துக்கும் சேத்து இன்னைக்கு" என்றார். தயிர்சாதம் கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது, என்ன குறை வைத்தேன் என்கிறார். விரலைக் காட்டி நடந்தது எல்லாம் சொன்னேன். தட்டை மேஜையில் வைத்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து, "எனக்கும் போன மாசம் இதே வெரலு வீங்குச்சுண்ணே. சுளுக்குன்னு எண்ணெ போட்டு நீவிக்கிட்டு இருந்தேன்" என்றார். டாக்டர் எஸ்தர் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி எழுந்து திரும்பினேன். "அஞ்சு நிமிசம் நிக்கும். போறவுக போயிட்டு வாங்க. நானும் போகணும்" என்றேன். முணுமுணுப்பு வரும் என்று நினைத்தேன். ஒரு அம்மா முதலில் இறங்கினாள், பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள். திரும்பி ஏறும்போது அந்த அம்மா சொன்னாள், "தம்பி, இதுக்குப் பயந்துக்கிட்டே நான் ஏறுனா எறங்குற வரைக்கும் தண்ணி தொடுறதில்ல." திருப்பூருக்கு நான்கு நிமிடம் தாமதம். சகாயராஜ் டிரிப் ஷீட்டில் அதை அப்படியே எழுதினான். நாளைக்கும் நிறுத்துவேன்.

அதே பாலத்துக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. விரல் ஒன்றும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

வாராந்திர ஓய்வு. நாலரைக்கு எழுந்தேன். பஞ்சவர்ணம் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. கால் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். நாலு கால் வாங்கி வந்தேன்.

வாட்டும்போது வந்த வாசத்தில் எழுந்து வந்துவிட்டாள். "என்னங்க இது, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றாள்.

"எனக்கில்ல, ஒனக்கு. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். ஒன் முட்டிக்கு இது மருந்துன்னு சொல்ல மாட்டாகளாம். ஆனா ஒனக்குக் கெடுதல் இல்லையாம், ஆசைக்குக் குடிக்கலாமாம். முட்டியத் தனியா வந்து காட்டணுமாம். சனிக்கிழமைக்குச் சீட்டு போட்டாச்சு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். மிளகைக் கூடப் போட்டுவிட்டேன், வெங்காயம் நசுக்கியதில் பாதி தரையில். ஒன்றரை மணி நேரம் கொதித்தது. உப்புப் பார்க்கக் கரண்டியை ஊதி என் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியை அவள் பக்கம் திருப்பினேன். "உப்பு இருக்கா, நீயே பாரு."

குடித்துப் பார்த்துவிட்டு, "கொறச்சல்" என்றாள். இன்னொரு வாய் குடித்தாள். "இம்புட்டுப் பிசுபிசுன்னா இருக்கும் இது? எப்படித்தான் குடிச்சீக இருபத்தெட்டு நாளும்."

ஜிம்மி மதிலோரம் வந்து நின்றது. எலும்பை மட்டும் போட்டேன்.

நோட்டைத் திருப்பி முன்பக்கத்துக்கு வந்தேன். இன்றைய பட்டியல்: இட்லி மூன்று. நீர்மோர் இரண்டு சொம்பு. தண்ணீர் இதுவரை ஒன்றரை லிட்டர். ஆட்டுக்கால் சூப்பு ஒரு சொம்பு, குடித்தது பஞ்சவர்ணம்.